பூச்சியம்மா

எந்த விருந்துக்குப் போனாலும் பூச்சியம்மா முதலில் மூலையில் இருக்கும் பூந்தொட்டியிடம்தான் போவார். நடுவில் அமைச்சரோ தூதரோ நிற்பார், சுற்றிலும் வளையம் வளையமாகக் கூட்டம் நிற்கும், தட்டுகள் வந்து போகும். இவர் தொட்டிச் செடியின் இலை ஒன்றைப் பிடித்து மெல்லத் திருப்புவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடிப்பக்கத்தை உற்றுப் பார்ப்பார். "ம்ஹூம், பிளாஸ்டிக்" என்று சில நாள் முகம் வாடும். "அடடே, குடும்பத்தோட இருக்காங்களே!" என்று சில நாள் மலரும். மனிதர்களை விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தூதரகத்தில் அவர் அறிவியல் ஆலோசகர். பயிர்ப் பூச்சிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் என்பதால் முதுகுக்குப் பின்னால் பூச்சியம்மா. "அவங்க பிரிவுக்கு ஒதுக்கின பணத்தைப் பாத்தா அந்தப் பேரு இன்னும் பொருத்தம்" என்று கணக்கர் ஒருமுறை சொல்லிச் சிரித்தது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. "பூச்சியத்தோட ஒரு 'மா' சேத்திருக்கீங்களே, அந்த மட்டுக்கும் மரியாதைதான்" என்றார்.

சொந்த நாட்டின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மூன்று வருடத்துக்கு என்றுதான் அனுப்பினார்கள். "அவங்க விஞ்ஞானிகளுக்கும் நம்ம விஞ்ஞானிகளுக்கும் நடுவுல நீங்கதான் பாலம்" என்று மாலை போட்டார்கள். பாலமென்றால் ஆளாளுக்கு மிதித்துக்கொண்டு போவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் முடிந்தது, நீட்டித்தார்கள். மறுபடி நீட்டித்தார்கள். அதற்குள் அங்கே அவருடைய நுண்ணோக்கியை வேறொருவர் எடுத்துக்கொண்டார், அவருடைய அறையில் உடைந்த நாற்காலிகள் குடியேறின.

இங்கே செய்த வேலையைக் கேட்டால் அவரே அடுக்குவார். வருகிற குழுக்களை விமான நிலையத்தில் வரவேற்க வேண்டும். அணுவைப் பிளந்த பேராசிரியருக்குப் பெட்டி வாங்கக் கடை காட்ட வேண்டும். ஒப்பந்தங்களுக்கு வாசகம் எழுத வேண்டும். அவர் எழுதிய புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் ஓர் அலமாரி நிறைய உண்டு. "புரிந்துணர்வுன்னா என்ன தெரியுமா? ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியலன்னு ரெண்டு பேருமே உணர்ந்து கையெழுத்துப் போடறது" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கணவர் வங்கி மேலாளராக இருந்து, மனைவியோடு வருவதற்காக வேலையை விட்டவர். விதிப்படி தூதரக மனைவியர் சங்கத்தில் உறுப்பினரானார். மலர் அலங்கார வகுப்பில் ஒரே ஆண். முதலில் சங்கடப்பட்டார். பிறகு கைத்துணியை அன்னம் போல மடிப்பதில் சங்கத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை என்றாகிவிட்டது. இப்போது அவர்தான் துணைத்தலைவி. பதவியின் பெயரை மாற்ற விதியில் இடமில்லையாம்.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பார். ஒரு காலை, பழைய நிலையத்திலிருந்து கூட வேலை பார்த்த ஒருவர் கூப்பிட்டார்.

"மேடம், மரவள்ளி போச்சு. மாவுப்பூச்சி. குருத்தெல்லாம் சுருண்டு வெள்ளை வெளேர்னு கிடக்கு. எந்த மருந்து அடிச்சாலும் சுருட்டுக்குள்ள போய் ஒளிஞ்சிக்குது. ஒரு மாவட்டம் முழுக்க இதான் கதி."

படத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பூச்சியின் தாய்வீடு அவர் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே நாடுதான். ஆனால் இங்கே யாரும் அதைப் பற்றிப் புலம்புவதில்லை, ஏனென்றால் இங்கே அதற்கு ஓர் எமன் இருக்கிறது. எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், பொரிந்த குஞ்சு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். மனிதரைக் கொட்டாது, வேறு எதையும் தொடாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் அதை வளர்க்கிறார். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க" என்று அவர் தாராளமாகச் சொல்லிவிட்டார். மிச்சம் அனுமதிதான்.

அந்த மிச்சத்துக்கு அலைந்த அலைச்சலில் பூச்சியம்மா பாதி இளைத்துப்போனார். தாய்நாட்டிலிருந்து அனுமதி வந்தது. ஏற்றுமதி அலுவலகத்தில் இந்த நாட்டு அதிகாரி கேட்டார், "இவை எப்போது திரும்பி வரும்?"

"வராதுங்க. அங்கயே தங்கிடும். பெருகும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் இது குடியேற்றம். வேறு பிரிவு."

தூதரிடம் போய் நின்றார். தூதர் நல்ல மனிதர், ஆனால் எதையும் புகைப்படமாகத்தான் யோசிப்பார். "குளவியா? அமைச்சர் வர்ற நேரத்துலயா? அதை வச்சு என்ன போட்டோ எடுக்க முடியும் மேடம்? கண்ணுக்கே தெரியாதே!"

அமைச்சர் வருவது எதிர்காலத் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தத்துக்கு. எந்தத் தொழில்நுட்பம், யாருடைய எதிர்காலம் என்று வாசகத்தில் இல்லை. எழுதியவர் என்ற முறையில் பூச்சியம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும். விழாவில் அவர் பங்கு, அமைச்சரின் பின்னால் நின்று கோப்பைச் சரியான பக்கத்தில் திறப்பது, பேனா கொடுப்பது, மை ஒற்றுவது, எதிர்த்தரப்பின் கோப்போடு மாற்றிக்கொள்வது. "நீங்க இல்லாம இது நடக்காது மேடம்" என்று தூதர் சொல்லிவைத்திருந்தார்.

விதி என்றால் இதுதான். ஏற்றுமதி அனுமதி கைக்கு வந்தது விழா நாள் காலையில். விழாவும் விமானமும் ஒரே மாலையில். அடுத்த நேரடி விமானத்துக்கு ஒரு வாரம் ஆகும், அதுவரை குளவிகள் உயிரோடு இருக்காது. உயிருள்ள சரக்கென்றால் அனுப்புகிறவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வேறு யாரையும் ஏற்க மாட்டார்கள். வேலையைப் பறித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும். நிலையத்து அறையிலும் இப்போது உடைந்த நாற்காலிகள்தானே காத்திருக்கின்றன.

மதியம் சாப்பாட்டு மேசையில் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, கோப்பு திறக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"பேங்க்ல இத்தனை வருஷம் வேற என்னம்மா பண்ணேன்?"

"பேனா குடுக்கணும். ஒத்தணும். மாத்திக்கணும். வாயத் திறக்கவே கூடாது."

"அதுவும் பழக்கந்தான்."

"தூதர் பாத்துட்டா?"

"அவர் எங்கம்மா நம்மளப் பாக்கப் போறார்? கேமராவத்தான் பாப்பார். நீ கிளம்பு."

சரக்குக் கூடத்தில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி பணியில் இருந்தாள். பெட்டியில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள். திறந்து காட்டச் சொன்னாள்.

"திறந்தா போயிடும்மா. அப்புறம் நீயும் நானும் சேர்ந்து பிடிக்க முடியாது."

விதி விதிதான் என்றாள் அந்தப் பெண். பூச்சியம்மா வாதாடவில்லை. கைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, பெட்டியின் ஓரத்தில் இருந்த கண்ணாடிச் சாளரத்தின்மேல் வைத்து, தலையைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அவள் பயந்துகொண்டே பார்த்தாள்.

"மீசையைத் துடைக்குது!" என்றாள்.

"ஊருக்குக் கிளம்புதுல்ல? அலங்காரம்."

அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். பூச்சியம்மா முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அலமாரி நிறையக் கையெழுத்துகளுக்குப் பேனா கொடுத்தவர், ஒன்றில்கூடத் தன் பெயரைப் போட்டதில்லை. வேலிக்கு வெளியே நின்று, விமானம் சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்டு மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் படம். இரண்டு அமைச்சர்கள், தூதர், அவர்களுக்குப் பின்னால் கோப்பை ஏந்தியபடி கம்பீரமாகக் கணவர். கீழே, 'அறிவியல் ஆலோசகர் உடன் இருக்கிறார்' என்று போட்டிருந்தது. தூதர் அறைக்கு வரச் சொன்னார். எதையும் கேட்டுக்கொள்ளத் தயாராகப் போய் நின்றார் பூச்சியம்மா.

"இது யாரு?"

"எங்க வீட்டுக்காரர் சார். நான் குளவி அனுப்பப் போயிட்டேன்."

தூதர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தப்போகிறார் என்றுதான் தோன்றியது. கடைசியில், "அமைச்சர் இவரைத்தான் ரொம்பப் பாராட்டினாரு. கோப்பு மாத்தறதுல ஒரு நளினம் இருந்துச்சாம்" என்றார். கதவுவரை போனவரைக் கூப்பிட்டு, "அடுத்த தடவையும் அவர் வருவாரா?" என்றும் கேட்டார்.

ஒப்பந்தத்தின் கூட்டுக் குழு அதற்குப் பிறகு ஒருமுறை கூடியது. அடுத்து எப்போது கூடுவது என்று விவாதித்துக் கலைந்தது. ஆண்டறிக்கையில் அதற்கு இரண்டு பக்கம், வண்ணப் படத்தோடு. குளவிகளுக்கு எந்தத் தலைப்பும் பொருந்தாததால் 'இதர' என்பதன் கீழ் ஒரு வரி எழுதினார். நீளம் கருதி அதைத் தூதர் எடுத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, பல நாட்டு அறிவியல் ஆலோசகர்கள் கூடிய ஒரு கருத்தரங்கம். மேடையில் ஒருவர் 'பாலம்' என்ற சொல்லைப் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சியம்மாவின் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. ஊரிலிருந்து படம். பச்சைக் குருத்து ஒன்று, சுருளாமல் நிமிர்ந்து நின்றது. பக்கத்திலேயே, மிகவும் நெருங்கி எடுத்த இன்னொரு படத்தில், காய்ந்து பழுப்பேறிய கூடாகக் கிடந்தது ஒரு மாவுப்பூச்சி. அதன் முதுகின் ஓரத்தில் வட்டமாக, கத்தரித்த மாதிரி, ஒரு துளை. குளவிக் குஞ்சு உள்ளே தின்று வளர்ந்து வெளியே வந்த வாசல். கீழே பழைய நிலையத்து நண்பர் எழுதியிருந்தார்: "எல்லா வயல்லயும் இருக்காங்க மேடம்."

பக்கத்து இருக்கையில் வேறொரு நாட்டின் ஆலோசகர், ஒரு காலத்தில் விண்மீன்களை ஆராய்ந்தவர், பூச்சியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆவலோடு சாய்ந்தார். "பேரக் குழந்தையா?" என்றார் கிசுகிசுப்பாக.

பூச்சியம்மா இரண்டு விரலால் அந்தத் துளையைப் பெரிதாக்கி, திரையில் ஒட்டியிருந்த ஒரு துளித் தூசியை, பால் குடித்த வாயைத் துடைப்பது போல, கட்டை விரலால் மெல்லத் துடைத்தார்.