வரணிப் பனங்கூடலில் ஒரு மூச்சுச் சத்தம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெசினுக்கு முன்னால் காலம் கழிப்பவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சப்படுகிறவள் கட்டுரை எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இணுவிலில் இருந்து வரணிக்குப் போவதைப் பயணம் என்று சொல்லலாமோ என்பதும் தெரியவில்லை. ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் ஒன்றரைக்கு இணுவிலில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் கொடிகாமம் பஸ்ஸுக்கு மாறினேன். தோளில் கமராப் பை, மடியில் துணி சுற்றிய முக்காலி. கமரா, கனடாவில் இருக்கும் பெறாமகன், என் அக்காவின் மகன், வந்தபோது விட்டுப்போன பழையது. அதில் எங்கள் வீட்டு வளவுக்கு வரும் குருவிகளைப் படமெடுப்பேன். ஆந்தையை எடுத்ததில்லை.

"உது என்னக்கா, துவக்கே?" என்று கொண்டக்டர், துப்பாக்கிபோல நீண்டு கிடந்த முக்காலியைக் காட்டிக் கேட்டார்.

"கமரா வைக்கிறது."

"ஆரின்ரை கலியாணம்?"

ஆந்தையைத் தேடிப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "சொந்தத்துக்கை," என்றேன். மாப்பிள்ளை வெளிநாடோ, மண்டபத்திலையோ, வீடியோவும் உண்டோ என்று அவர் கொடிகாமம் வரைக்கும் விசாரித்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

கொடிகாமத்தில் இருந்து ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய். வீதியோரம் தொடர்ந்து பனங்கூடல், பனைகள் அடர்ந்த தோப்பு. புகையிலைத் தோட்டமும் வாழையும் பார்த்த இணுவில் கண்ணுக்கு அது காடுதான்.

நான்கு மணிக்கு அக்கா வீட்டில் இறங்கினேன். அக்காவுக்குப் போன மாதம்தான் இருதய ஒப்பரேசன் நடந்தது. அடுத்த நாள் கிளினிக். இரவில் ஒரு சத்தம் கேட்கிறது, இனிக் கிளினிக்குக்குப் போகமாட்டேன் என்று அவரும், அது ஆந்தைதான் என்று அத்தானும் போனில் சொன்னதால்தான் நான் புறப்பட்டேன்.

"வந்திட்டியே? இண்டைக்கும் கேக்கும் பார்," என்றார் அக்கா. "பின்னுக்குக் கூடலுக்கை ஆரோ சாகக்கிடந்து சேடம் இழுக்கிற மாதிரி. இவர் ஆந்தை எண்டுறார். ஆந்தையெண்டால் அலறுமெல்லே? உது மூச்செல்லே இழுக்குது. எனக்குத்தான் உது. பிறகென்னத்துக்குக் கிளினிக்?"

அத்தான் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "உன்ரை அக்கா சொன்னாக் கேக்கிறாவே? சாப்பாடும் இல்லை. அதைக் கலைக்கத் தகரத்திலை தட்டியும் பாத்தன், அடுப்பிலை உப்புப் போட்டும் பாத்தன். நீயெண்டாலும் அதைப் படமெடுத்துக் காட்டு."

ஐந்தரைக்குக் கூடலுக்குள் இறங்கினோம். காய்ந்த ஓலையில் கால் வைத்தால் ஊருக்கே கேட்கும். அத்தான் காய் பறிக்கும் கொக்கத்தடியோடு வந்தார்.

"தடி என்னத்துக்கு அத்தான்?"

"பாம்புக்கு."

"நீங்கள் மேலையெல்லோ பாத்துக்கொண்டு வாறியள்."

"பாம்பு மேலையும் இருக்குமடி."

சண்டைக் காலத்தில் செல் விழுந்து தலை முறிந்த பனை ஒன்றின் அடியில் வெள்ளை எச்சம் தெறித்துக் கிடந்தது. பக்கத்தில் எலி மயிரும் எலும்பும் சேர்ந்த கறுப்பு உருண்டைகள். எட்டத்தில் முக்காலியை நிறுத்தி வடலிப் பனைக்குப் பின்னால் இருந்தோம்.

சூரியன் இறங்கியதும் சத்தம் தொடங்கியது. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. அக்கா சொன்னதில் பிழையில்லை. அத்தான் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

லென்ஸுக்குள் பார்த்தேன். பனையின் பொந்து வாயில் வெற்றிலை வடிவில் மூன்று வெள்ளை முகங்கள். ஆந்தை இனத்துக் கூகைக் குஞ்சுகள். மூச்சிழுப்பு அவற்றின் வாயில் இருந்துதான் வந்தது. தாய் சிறகடிக்கும் ஓசையே இல்லாமல் வந்து இறங்கி, ஒன்றின் வாயில் எலியை வைத்தது. அந்த வாய் அடங்கியது. மற்ற இரண்டும் இன்னும் பலமாக இழுத்தன. கண் கூசும் என்று பிளாஷ் போடவில்லை. எடுத்ததில் ஒன்றுதான் தெளிவாக விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா கண்ணாடியைப் போட்டுக் கமராவை மடியில் வைத்துப் பார்த்தார்.

"மூண்டே?"

"ஓம், மூண்டு."

"உதின்ரை வாயிலை வாலெல்லே தொங்குது."

"எலி, அக்கா."

வெளியே சத்தம் ஓயவில்லை. அக்கா தலையைச் சரித்துக் கேட்டார். நாலு பிள்ளை வளர்த்தவர்.

"உதுகள் பசியிலை கத்துதுகள்," என்றார். பிறகு அத்தானைப் பார்த்து, "தகரத்திலை தட்டின மனிசன். தாய் பயந்து வராமல் விட்டிருந்தா? இனித் தட்டாதேங்கோ," என்றார். கமராவை என்னிடம் நீட்டி, "சோறு கிடக்கே?" என்று கேட்டார்.

அத்தான் குசினிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் சோற்றுக் கோப்பையோடு வந்தார்.

இணுவிலில் இரவானால் மோட்டார் சைக்கிள் சத்தம்தான். வரணியில் அன்று அந்த மூச்சிழுப்பைக் கேட்டுக்கொண்டே படுத்தேன். எனக்கு முதலே அக்கா நித்திரையாகிவிட்டார்.

மறுநாள் அத்தான் அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். கொண்டக்டர் வேறு ஆள்; கலியாணம் எப்படி நடந்தது என்று கேட்க ஆளில்லை.