யானை வெளுத்த வாரம்

ஓசூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ. கீழே பஃப்ஸ், மேலே யானை. சினிமாவுக்கு யானை செய்து தருவதுதான் அப்போது எங்கள் பிழைப்பு. யானையைக் காட்சிக்குள் பொருத்தும் அக்கா விண்டோஸில் வேலை செய்வார். அவர் முடித்தது தனித்தனிப் படங்களாகக் கிடக்கும். அதையெல்லாம் லினக்ஸ் மெஷினில் மொத்தமாகப் போட்டு வீடியோவாக மாற்றி அனுப்புவது என் வேலை. ஸ்கிரிப்ட்டைத் தட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், நான் டீ குடிக்கப் போவேன். இன்ஜினியரிங் படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

மேக் ஒன்றும் இருந்தது, முதலாளி அண்ணனின் ஏசி அறையில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் ஃபோன் பேசி முடிக்கும்வரை நிற்க வேண்டும். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். சீசனில் பேசி முடிக்கவே மாட்டார். அதனால் எதையும் விண்டோஸிலேயே பார்த்து அனுப்பிவிடுவது எங்கள் பழக்கம்.

சென்னை டைரக்டர் யானை வெளுத்திருக்கிறது என்றார். அக்கா கருப்பைக் கூட்டி அனுப்பினார். இன்னும் வெளுப்பு என்றார். மறுபடி கூட்டினார். நாலாவது முறையும் திரும்பி வந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் காட்சி பெங்களூருக்குப் போய்விடும் என்று ஃபோன். அக்கா தனியாகச் செய்த முதல் பெரிய காட்சி அது. போனால் பழையபடி சண்டைக் காட்சிகளில் நடிகர்களைத் தூக்கும் கயிற்றை அழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சானமாவு காட்டுல எத்தன யானைய பாத்திருக்கன். இது யானையாடா? தார் டின்னு மாதிரி இருக்குது."

"அந்தாளுக்கு கண்ணு டெஸ்ட் பண்ணணும்க்கா."

"ம், நீ போய் கூட்டினு போ. எதுலதான் பாத்துத் தொலைக்கறாரோ."

டைரக்டர் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தேன். மேக் திரை. இரண்டு பேரும் முதலாளி அறையைத் திரும்பிப் பார்த்தோம்.

உள்ளே அண்ணன் தெலுங்கில் மாங்காய் லோடு பேசிக்கொண்டிருந்தார். இருங்கள் என்று கை காட்டினார். அக்கா இருக்கவில்லை. "நீங்க மாங்கா பேசுங்கண்ணா" என்று பென்டிரைவைச் சொருகி முதல் வீடியோவை ஓடவிட்டார். எங்கள் விண்டோஸில் கச்சிதமாக இருந்த அதே யானை, இங்கே சுண்ணாம்பு அடித்தது போல நின்றது.

நிறத்தை எந்த முறைப்படி காட்ட வேண்டும் என்ற குறிப்பு வீடியோவுக்குள்ளேயே இருக்க வேண்டும். என் ஸ்கிரிப்ட்டில் அந்த வரி இல்லை. அதனால் ஒவ்வொரு மெஷினும் தன் இஷ்டத்துக்கு ஊகித்துக் காட்டியிருக்கிறது.

"அப்ப இத்தன நாளா நான் கருப்பு பூசினது?"

"வேஸ்டுக்கா."

"ஒதைப்பன்."

வரியைச் சேர்த்து, அக்காவின் முதல் படங்களையே திரும்ப ஓடவிட்டேன். இந்த முறை மூன்று மெஷினிலும் போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் ஒரே யானை.

அண்ணன் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டார். "ஏமிரா, என் ரூமுல சினிமா கொட்டாயா நடத்தறீங்க?" பிறகு திரையைப் பார்த்தார். "பரவால்லியே, நெஜ யானை மாதிரியே இருக்குது."

ஐந்தாவது என்று பெயர் போட்டு அனுப்பினோம். டைரக்டரே கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாத்தீங்களாம்மா, நான் சொன்னத சரியா புரிஞ்சிக்கிட்டீங்க! ஓகே. அடுத்த யானையும் நீங்களே பண்ணிடுங்க."

"சரிங்க சார்."

ஃபோனை வைத்ததும் நான் ஆரம்பித்தேன். "மொத நாள் அனுப்பின அதே யானைன்னு சொல்லிருக்கலாம் இல்லக்கா?"

"வாய மூடு. சொன்னா ஆறாவது கேப்பாரு."