ஐஸில் விழுகிற பிள்ளைகள்

ஐஸ் ஹொக்கிக்காரரின் உடுப்புத் தோய்க்கிற வேலையில், கையுறைக்குள் கையை விட முன்னம் அதை உதறிப் பார்க்கவேணும். இதை எனக்கு முதன்முதல் சொன்னவர் பற்றிக். கிழக்கு லண்டனில் ஒரு ஐஸ் மைதானத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலமை. சறுக்குச் சப்பாத்துகளின் அலகு தீட்டுகிறவர் அவர். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிப்போட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாமாருக்கு நான் சொல்லப்போறது விளங்கும்.

உதற விழுந்தது

அந்தக் கிழமையே ஒரு கையுறையை உதற, நிலத்தில் 'டிக்' என்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தால் பல்லு. வேரோடு முழுப் பல்லு. "முருகா" என்றபடி அதை ரிஷ்யூக் கடதாசியில் பொத்திக்கொண்டு, கையுறைக்குச் சொந்தக்காரப் பெடியனிடம் ஓடினேன். வெள்ளைப் பெடியன், கதவு மாதிரி உடம்பு, முகத்தில் பால்வடியும். நாக்கால் தன் பல்லுகளை ஒருக்கால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அன்ரி, இது என்ர இல்லை. என்னோட சண்டை பிடிச்ச எதிரணிக்காரன்ர. அவனுக்குத் திருப்பிக் குடுப்பம் எண்டு எடுத்து வைச்சனான், மறந்துபோனன்."

பற்றிக்கின் அப்பப்பா

ஆட்டக்காரருக்குச் சம்பளம் குடுக்கத் தொடங்கின அந்த முதற்காலத்தில், பற்றிக்கின் அப்பப்பா கனடாவில் ஆடினவராம். அப்போது தலைக்கவசம் கிடையாது. மட்டையால் மண்டையில் அடித்தால் நடுவர் கொஞ்ச நேரம் வெளியில் இருத்துவார், அவ்வளவுதான். ஆடப்போய்ச் செத்தவர்களும் உண்டாம். ஒருத்தன் அப்பப்பாவின் கண்ணுக்கு மேல் மட்டையால் போட, கரையில் ஆட்டக்காரர் இருக்கிற வாங்கிலேயே இருத்தித் தையல் போட்டுத் திரும்ப ஐஸில் இறக்கிவிட்டார்களாம். பிறகு அந்தக் கண் தெரியவே இல்லை.

பற்றிக் இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி அலகு தீட்டினார். "அவற்ற அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டேன். மெஷினை நிப்பாட்டினார்.

"அதை எங்கட வீட்டில ஒருத்தரும் கேட்டதில்லை, ராணி."

பின்பக்க நாடா

என் மகன் நிரோசன் சறுக்கப் பழகினதும் இந்த மைதானத்தில்தான். இப்போது கனடாவில் ஒரு சின்ன நகரத்து அணிக்குச் சம்பளத்துக்கு ஆடுறான். போன கோடையில், லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் இருக்கிற எங்கட வீட்டுக்கு வந்தபோது, ஜேர்சியின் உள்ளே பின்பக்கம் தொங்கின நாடாவை இறுக்கித் தைக்கச் சொன்னான். கையுறையைக் கழற்றி எறிந்தால் சண்டைக்கு வா என்று அவங்களுக்குள் முறை. அந்த நேரம் மற்றவன் ஜேர்சியைத் தலைக்கு மேலால் இழுத்தால் கண்ணும் மறையும், கையும் கட்டுப்படும். அப்படி இழுபடாமல் நாடா ஜேர்சியைக் காற்சட்டையோடு பிடித்துக்கொள்ளும்.

"சண்டை பிடிக்காட்டி இது தேவையில்லையே ராசா?" என்றேன்.

"சண்டை வராமலிருக்கக் கும்பிடுங்கோ. வந்தால் ஜேர்சி கழலாமலிருக்கத் தையுங்கோ அம்மா."

கறுப்புத் திரைச்சீலை

அம்மன் பேரைச் சொல்லிச் சொல்லி ரெட்டை நூலில் தைத்தேன். நாடா அறுந்துபோகவில்லை. இந்த மாரிகாலத்தில் சண்டை ஒன்றும் இல்லாமலே, ஒருத்தன் பின்னால் வந்து இடிக்க, சுற்றுப்பலகையில் என் பிள்ளையின் தலை மோதிப்போச்சு. இப்போது பகலிலும் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான். வெளிச்சம் ஏலாது. ஃபோனில் முகம் பார்த்துக் கதைக்கவும் ஏலாது. இன்னொரு அடி பட்டால் ஆளே பழையபடி எழும்பமாட்டான் என்று டொக்டர் சொல்லிப்போட்டார். அவனோ சுகம் வந்ததும் திரும்ப ஐஸில் இறங்கத்தான் நிற்கிறான். நான் வாறன் என்றாலும் வேண்டாமாம்.

இங்கே அவனுடைய அறைக்குத் தடித்த கறுப்புத் திரைச்சீலை வாங்கிப் போட்டிருக்கிறேன். "இங்கயும் இருட்டாத்தான் வைச்சிருக்கிறன், வீட்டை வா ராசா" என்று ஃபோனில் சொன்னேன்.

"மெதுவாக் கதையுங்கோ அம்மா. வந்தால் பிறகு நீங்கள் என்னை ஆட விடமாட்டியள்."

ஊரார் பிள்ளைகளின் இரத்தக்கறையை எந்தத் தண்ணியில் போக்கவேணும் என்று தெரிந்த எனக்கு, என் பிள்ளையை அந்த ஐஸை விட்டு வெளியில் எடுக்க ஒரு வழியும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போறவை, நிரோசன், உத்தரம் நட்சத்திரம் என்று சொல்லி ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கோ.