டேலின் முதுகு அட்டை

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை. நடந்தது டிசம்பர் முதல் தேதி, சனிக்கிழமை. மாலை 4.38-லிருந்து 5.08-க்குள். நான் அன்று ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. என் மனைவி வெர்னாவைக் கேட்டால் அவளும் இதையேதான் சொல்வாள். ஆனால் அவள் இப்போது என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

என் பெயர் ரஸ் கிப்லர். வீடு பென்சில்வேனியாவின் வட ஓரத்தில். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காட்டில் அரை மைல் நடந்தால் ஒரு எல்லைக்கல். அதைத் தாண்டினால் நியூயார்க் மாநிலம். மரம் அதே மரம், மான் அதே மான். சட்டம் மட்டும் வேறு.

எங்கள் பக்கம் மான் வேட்டைக்குப் போனால் தூரத்திலேயே கண்ணில் அடிக்கிற ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டே ஆக வேண்டும். அந்தப் பக்கம் அப்போது அது கட்டாயமில்லை. ஆனால் லைசென்ஸ் நம்பர் அச்சிட்ட வெள்ளை அட்டையை முதுகில் குத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் சூரியன் மறைந்ததோடு வேட்டை முடிந்தது. எங்கள் பக்கம் அதற்குப் பிறகும் அரை மணி நேரம் சுடலாம். எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ! இரண்டு பக்கமும் லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், கல்லைத் தாண்டும்போதெல்லாம் வேஷம் மாற்றுவோம்.

அதற்கு முந்தைய வருஷம், அதே டிசம்பர் முதல் தேதி, என் தம்பி டேல் செத்துப் போனான்.

அன்று மதியம் அவன் ஆரஞ்சு சட்டையோடுதான் கல்லைத் தாண்டப் போனான். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“டேய், கழட்டித் தொலைடா அதை. பூசணிக்காய் நடந்து போற மாதிரி இருக்கு.”

“இருக்கட்டும்ணே. நம்ம பக்கம் திரும்பி வரும்போது வேணுமில்ல?”

“அந்தப் பக்கம் எவன் உன்னைக் கேக்கப் போறான்? பயந்தாங்கொள்ளி.”

கழற்றிக் கொடுத்தான். அவனுக்கு முப்பத்தொரு வயசு. இருந்தும் நான் பயந்தாங்கொள்ளி என்றால் அவனுக்குத் தாங்காது. என் இடத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் ஊசியிலை மரத்தடியில் பனி ஈரமாக இருந்தது. அந்தச் சட்டையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

4.38-க்குச் சூரியன் மறைந்தது. டேல் வேட்டையை முடித்துக்கொண்டு ரோட்டைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். சட்டை இல்லாமல் எங்கள் பக்கக் காட்டில் நடக்கக்கூடாது இல்லையா?

4.56-க்கு ஒரு வெடி. ஒன்றே ஒன்று. பக்கத்துப் பண்ணையிலிருந்த நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்.

5.20-க்கு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் டேலைப் பார்த்தேன். குண்டு நெஞ்சில் புகுந்து, முதுகு அட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. குண்டு கிடைக்கவில்லை. சுட்டவனும் கிடைக்கவில்லை. நியூயார்க் பக்கத்து வன அதிகாரி கோரா ஹெஸ் என்னை விசாரித்தாள். நான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அந்த அட்டையைப் பையில் போட்டு, சீல் வைத்து, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் கண்முன்னால்தான்.

ஒரு வருஷம் முழுக்க அந்தச் சுட்டவனைச் சபித்தேன். சாப்பிடும்போது, கார் ஓட்டும்போது, படுக்கையில். அவன் விளங்கவே கூடாது என்று.

அடுத்த டிசம்பர் முதல் தேதி மறுபடி அங்கே போனேன். வெர்னா தடுத்தாள்.

“எதுக்குங்க அந்த இடத்துக்கு?”

“அந்த நாய் மறுபடி வருவான். பிடிக்கணும்.”

அதே மரம். அதே பனி. முதுகில் என் புது அட்டை, நம்பர் 9032.

4.38. சூரியன் மறைந்தது. காற்று நின்றுவிட்டது.

4.44. நறுக்... நறுக்... பனியில் யாரோ நடக்கும் சத்தம். எல்லைக்கல் பக்கத்திலிருந்து.

ஒரு ஆள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பழுப்புச் சட்டை. ஆரஞ்சு இல்லை. முதுகில் வெள்ளையாக ஒரு சதுரம்.

“யாருப்பா அது?” என்றேன்.

ஒரு அடி வைத்தான். நறுக். பனியைப் பார்த்தேன்... காலடித் தடம் இல்லை.

4.51. நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் ஊரில் ஏழு வயசுக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுப்பது, மனிதனைத் துப்பாக்கி வழியாகப் பார்க்காதே என்று. நான் பார்த்தேன். துப்பாக்கியின் தொலைநோக்கியில் அந்த அட்டையைப் படித்தேன்.

4417.

டேலின் நம்பர்.

அட்டையின் நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக... அவனுக்கு முன்னால் இருந்த பனி தெரிந்தது.

துப்பாக்கியை இறக்க முடியவில்லை.

டக்.

அது துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு திறக்கும் சத்தம். நான் தொடவில்லை.

காதருகில், மூச்சுச் சூட்டோடு...

“மணி என்னண்ணே?”

டேல் கைக்கடிகாரம் கட்டமாட்டான். எப்போதும் என்னைத்தான் கேட்பான்.

பார்த்தேன்.

4.56.

டுமீல்!

நான் விசையை அழுத்தவில்லை. சத்தியமாக அழுத்தவில்லை.

எதிரே யாரும் இல்லை.

ஓடினேன். எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. சுவரில் மணி 5.08. துப்பாக்கியில் ஐந்து குண்டு போட்டிருந்தேன். ஐந்தும் அப்படியே இருந்தன. குழாயில் கரிமருந்து வாசனைகூட இல்லை. ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரர் போன் செய்து, “இப்ப ஒரு வெடி கேட்டுச்சே, எதாவது மாட்டிச்சா?” என்றார்.

வெர்னா என் பின்னால் நின்றிருந்தாள்.

“ரஸ்... உங்க முதுகுல இருக்கறது யாரு நம்பர்?”

ஊக்கைக் கழற்றி நீட்டினாள். 4417. போன வருஷத்து அட்டை. நடுவில் ஓட்டை. ஓரத்தில் காய்ந்த கறுப்புக் கறை.

திங்கள்கிழமை அதைக் கோராவிடம் எடுத்துப் போனேன். வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய், சீல் வைத்த பையைக் கொண்டுவந்தாள். போன வருஷத்துத் தேதி. அவள் கையெழுத்து. சீல் பிரியவில்லை. கத்தரியால் வெட்டி, உள்ளே இருந்ததை மேஜைமேல் போட்டாள்.

முழு அட்டை. ஓட்டை இல்லை. நம்பர் 9032. மூன்று மாதம் முன்பு நான் கடையில் வாங்கியது. ஒரு வருஷம் முன்பு சீல் வைத்த பைக்குள்.

கோரா தலையைத் தூக்கினாள்.

“ரஸ், போன வருஷம் அன்னிக்கு எல்லாரும் கேட்டது ஒரே ஒரு வெடி. நீங்க சுட்டீங்களா?”

எல்லைக்கு அந்தப் பக்கம், இருட்டத் தொடங்கிய பிறகு, பழுப்பாக ஏதோ அசைந்தது. கொம்பு தெரிந்தது. தெரிந்தது என்றுதான் நினைத்தேன். சுட்டேன். தவறிவிட்டது, மான் ஓடிவிட்டது என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் சுடுவது குற்றம். லைசென்ஸ் போய்விடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. டேலைப் பார்த்த பிறகும் சொல்லவில்லை. அவன் ரோட்டைச் சுற்றிப் போகவில்லை. சட்டையை வாங்கிக்கொள்ள என்னிடம்தான் வந்துகொண்டிருந்தான். அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

“இல்லம்மா, நான் சுடவே இல்ல” என்றேன்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. நியூயார்க்கிலும் ஆரஞ்சோ அந்தமாதிரி பளிச்சென்ற நிறமோ கட்டாயம். அங்கேயும் அந்த அரை மணி நேரம் உண்டு. முதுகு அட்டையையும் எடுத்துவிட்டார்கள். டேலுக்கு எதுவும் உதவாத சட்டங்கள். என்னை இன்றுவரை எந்தச் சட்டமும் பிடிக்கவில்லை.

நான் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்த கடிகாரங்களையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒருமுறை எனக்கு மணி தெரிந்துவிடுகிறது. காதருகில் அவன் கேட்கிறான். நான் பதில் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறான்.