மூன்று கொத்துக் கல்லும் ஒரு சீனி டின்னும்

மடவளையில் நான் கொத்து ரொட்டி போட்டது மூன்றே நாள். அதற்கு முன் அம்பிட்டியவில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், ஹுன்னஸ்கிரியவில் புல் வெட்டினேன், அதற்கும் முன் எட்டாம் வகுப்பு. கடையில் மூன்று வேளைச் சாப்பாடும் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க இடமும் கிடைத்தன. முந்தைய வாரம் பஸ் தரிப்பிடத்தில் படுத்தவனுக்கு அது மெத்தை.

முதலாளி ஒரே நிபந்தனைதான் போட்டார். "ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாளம் ஈக்கி. கல்லுல தகட்டால ரொட்டி கொத்துற எங்கட தாளம் கேட்டாத்தான் ஆள் வரும். மூணு நாளைக்குள்ள அது ஒன்ட கையில வரோணும். வராட்டி நீ போகோணும்."

ஆனால் அங்கே மூன்று கொத்துக் கடைகள் வரிசையாக இருந்தன; நடுவில் நான். இடப்பக்கத்துக்காரர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிக் கொத்துவார். வலப்பக்கத்துக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. என் கை முதலில் அவரோடு ஓடும், பிறகு இவரோடு சாயும். நான் கெட்டது போதாதென்று என்னைக் கேட்டு அவர்களும் கெட்டார்கள். என் இரைச்சலில் ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. அந்தப் பக்கத்துத் தாளம் என் வழியாகத்தான் இந்தப் பக்கம் வந்தது, நொண்டி நொண்டி.

"தம்பி, நீ கொத்துறியா, தடுக்கி உழுறியா?" என்றார் வலப்பக்கத்துக்காரர்.

மூன்றாம் நாள் பின்னேரம், எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர் கரண்டியால் சீனி டின்னைத் தட்டத் தொடங்கினார். அவர் கடைக்குப் புதிதாக வந்த வெயிட்டர் எப்போதும் ஃபோனுக்குள் இருந்தார். தேநீரை எடுத்துப்போக அவர் நிமிரும்வரை தட்ட வேண்டும். அந்தச் சத்தம் மூவர் காதிலும் நேராக விழுந்தது. பத்து நிமிடத்தில் மூன்று கல்லும் டின்னின் தாளத்தில் ஒரே கல்லாகிவிட்டன. எந்தக் கடை எது என்று தெரியாமல் ஆட்கள் நடுறோட்டில் நின்றார்கள்.

"எங்கட தாளம் எங்கடா?" என்றார் முதலாளி.

"டின்னுக்குள்ள போயிருச்சுங்க மொதலாளி."

அவர் சிரிக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு றோட்டைக் கடந்தேன்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்ற தேநீர்க் கடைக்காரர், தனக்கு இரண்டு கையும் போதவில்லை என்று கரண்டியை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் தட்டுங்களேன்."

தட்டினேன். என் கை வழக்கம்போல ஓடியது, சாய்ந்தது. எதிரே மூன்று கல்லும் கூடவே ஓடின, கூடவே சாய்ந்தன.

அங்கேயே வேலை கிடைத்தது. மூன்று வேளைச் சாப்பாடு, சீனி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை. எறும்பு கொஞ்சம் அதிகம்.

அன்று ஆறு மணிக் கூட்டத்தில் வெயிட்டர் நிமிரவே இல்லை. நான் வேகமாகத் தட்டினேன். றோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழைய முதலாளி கத்தினார்:

"டேய், மெதுவாத் தட்டுடா! இங்க முட்ட தெறிக்குது!"