உமரித் தரையில் நட்ட கண்டல்

கல்லூரியில் படித்த நாளில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், நீர் வற்றிய சேற்றருகே குனிந்து நின்றேன். சட்டியில் நெல் பொரிவது போல நிலம் முழுவதும் மெல்லப் படபடத்தது. வளைகளுக்குள் சின்ன உயிர்கள் எழுப்பும் ஓசை. அதைக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சதுப்புநிலத் தாவரவியல் என்பது ஒரு சாண் உயரத்துக்காக ஊரோடு மல்லுக்கட்டும் தொழில் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டு கேட்டவர்களின் வெறும் தலையாட்டலோடு வீடு திரும்பியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் பேராசிரியையாக ஓய்வு பெற்ற பின், அதே கழிமுகத்தில் அலையாத்திக் காட்டுக் கண்டல் மரம் வளர்க்கும் திட்டத்துக்கு ஆலோசகராக அழைத்தார்கள். விதை பொறுக்கி, பையில் மண் நிரப்பி, நாற்று வளர்த்தவள் லூர்தம்மாள். அதுவரை நண்டு பிடித்துப் பிழைத்தவள். நாற்றுகள் ஒரு வருஷம் தாங்கினால் அவளுக்கு அங்கேயே நிரந்தர வேலை என்று பேச்சு.

பந்தல் போட்ட இடம்

நாற்று நடும் விழாவுக்குத் திட்ட அதிகாரி தேர்ந்தெடுத்தது மேட்டுத்தரை. உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. சிவந்த உமரிச்செடி மட்டும் படர்ந்திருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் அங்கே கடல்நீர் ஏறும். இடைப்பட்ட நாளெல்லாம் வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவைக்கும். உமரி அதைத் தாங்கும், கண்டல் நாற்று தாங்காது. ஒரு சாண் கீழே, நீர் தினமும் வந்துபோகும் ஓடைச் சரிவில் நடுங்கள் என்று மன்றாடினேன். விழா முடியட்டும், பிறகு மாற்றி நடலாம் என்றார். நம்பி, இடத்தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அப்போதும் மனம் கேட்காமல் ஏன் இங்கே என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"கீழ நட்டா வர்றவங்க செருப்பெல்லாம் சேறாயிரும், மேடம்."

குதிகால்

இரண்டு வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. உப்பளக்கும் கருவியோடு தரையெங்கும் அலைந்தேன். லூர்தம்மாள் வெறுங்காலோடு முன்னால் நடந்தாள். பாதம் மட்டும் பதிந்தால் உமரி, கணுக்கால் வரை இறங்கினால் கண்டல், முழங்கால் வரை போனால் ஒன்றும் நிற்காது. இது அவள் கணக்கு. ஓர் இடத்தில்கூடக் கருவி அவளை மறுக்கவில்லை. மகிழ்ந்துபோய் அவளைப் பாராட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"இம்புட்டு உப்புன்னு தெரிஞ்சும் அங்கன நட விட்டுட்டியளே டீச்சர், பெறவு அந்த மிசினு எதுக்கு?"

நல்ல தண்ணீர்

மாற்றி நடச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். பதிலாக ஒரு தண்ணீர் லாரி வந்தது. மழைக்காலத்தில் ஆறு நிறைந்து வந்து கழுவ வேண்டிய உப்பு, ஒரு லாரித் தண்ணீரில் எங்கே போகும்? மண்ணுக்குள் இறங்கி, மறுநாள் வெயிலில் மேலே வரும். ஆற்றுநீர் கடல்வரை வந்தால் லாரியே வேண்டாம் என்று ஓட்டுநரிடம் புலம்பினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆத்துத் தண்ணி கடலுக்குப் போனா வீணால்லா போவும்மா? அதான் தடுத்து, லாரில கொண்டாந்திருக்கோம்."

காரணம்

கோடை முடிவதற்குள் நட்ட நாற்றுகள் எல்லாம் குச்சியாயின. அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் அதிகாரி 'பராமரிப்புக் குறைவு' என்று எழுதினார். பராமரித்தவள் லூர்தம்மாள் ஒருத்திதான். அது இடத்தின் குற்றம், அவள் கைக்குற்றமல்ல என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். இந்த வயதில் மூச்சு வாங்கியது. அவர் நிதானமாகக் கோப்பைப் புரட்டி, பழைய தாள் ஒன்றை என் பக்கம் திருப்பினார்.

"இடம் சரியா இருக்குன்னு நீங்கதான மேடம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதை உப்பும் நீரும் தீர்மானிப்பதாக நாற்பது வருஷம் பாடம் நடத்தியவள், பந்தலையும் கையெழுத்தையும் பாடத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். நடாமல் பையில் மிச்சமிருந்த நாற்றுகளை லூர்தம்மாள் யாரையும் கேட்காமல் ஓடைச் சரிவில் ஊன்றிவிட்டுப் போயிருந்தாள். அவை இப்போது இடுப்புயரம். அவள் தூத்துக்குடியில் இறால் உரிக்கிறாள்.