அம்மன் முன்னால் நான் கட்டிய பொட்டலம்

போன வைகாசியில் என் மகள் தாரணி என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். சோறு போட்டால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் வந்தாள். முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. அதற்குக் காரணம் நான்தான். அந்தப் பத்து நாள் நான் பட்ட பாட்டையும், மாரியம்மன் என்னைக் கரை சேர்த்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். இது தெரியாது.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கிறார், நான் ரவிக்கை தைக்கிறேன். பிறவியிலேயே சந்தேகப் புத்தி எனக்கு. பாலை விரலால் தொட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

தாரணி பிளஸ் டூ படித்தபோது அவள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடந்தது. மேகலா என்ற பெண் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்ன ஆக வேண்டும், அதற்கு இந்த வருடம் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளை நோட்டில் எழுத வைப்பாள். காசு வாங்குவதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சும்மா ஒருத்தி இவ்வளவு தூரம் ஏன் வருகிறாள்? ஆள் பிடிக்கிறாளா? ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். "உனக்கு எது புடிக்கும்? ஏன் புடிக்கும்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குத் தப்பாகவே பட்டது.

தாரணி குளிக்கப் போன நேரத்தில் அவள் நோட்டை எடுத்துப் படித்தேன். கால்நடை மருத்துவர் ஆக வேண்டும், நாமக்கல்லில் படிக்க வேண்டும், மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்துப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது. மாடு என்பது ஏதோ மறைவார்த்தை, நாமக்கல்லில் ஒரு பையன் இருக்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மார்க் நன்றாக வந்தது. விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். "படிக்கட்டுமே புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, பூக்கட்டிப் பாத்துக்கலாமுங்க. ஆத்தா சொல்றபடி செய்யலாம்" என்றேன் நான்.

பூக்கட்டிப் பார்க்காமல் நம் பக்கத்தில் கிணறுகூட வெட்டுவதில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் செவ்வரளியே வைத்தேன்.

ஊரையே சந்தேகப்பட்டவள் செய்த காரியம் இது. தாரணி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. "சரிங்கம்மா" என்றாள். அழவில்லை, கேள்வி கேட்கவில்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டாள், ஓடிப்போகத் திட்டமா என்று அவள் பையைத் துழாவினேன், போனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மேகலா போன் செய்தாள். "அக்கா, விண்ணப்பம் போட ஞாயித்துக்கிழமைதானுங்க கடைசி நாள்."

நேராகக் கோயிலுக்குப் போனேன். கும்பிடக் கை எழவில்லை. "தாயே, உம் பேரச் சொல்லிப் பொய் சொல்லிப்போட்டேன். புள்ளைகிட்டச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. நீயே சொல்ல வை" என்று அழுதேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் எப்படி வாய் திறந்தது என்று எனக்கே தெரியாது. "கண்ணு, ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தாரணி நிமிர்ந்தாள். "தெரியுமுங்கம்மா. நீங்க திருநீறு வாங்கறப்ப இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துப்போட்டேன்."

"அப்பறம் ஏன் உங்கப்பாகிட்டச் சொல்லல?"

"சாமி முன்னாடியே பொய் வெக்கற அளவுக்கு உங்களுக்கு என்ன பயம்னு தெரியலைங்கம்மா. நீங்களே சொல்லணும்னு தெனமும் ஆத்தாகிட்டக் கேட்டுட்டு இருந்தேன்."

அப்போதும் என் புத்தி போகவில்லை. தாயே, நீயும் இவளும் கூட்டா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு உடம்பே சிலிர்த்தது. "நீ போனா திரும்பி வரமாட்டியோன்னு பயம் அம்மணி" என்றேன். அந்த வார்த்தையை அன்றுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அவள் நோட்டைப் படித்ததையும், நாமக்கல்லில் ஒரு பையன் இருப்பதாக நினைத்ததையும் சொன்னேன். பையன் யாருமில்லை, மாடு மாடுதான் என்று அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

விஷயம் தெரிந்து அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் சனிக்கிழமையே மேகலா வந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். சும்மா எதற்கு இதெல்லாம் செய்கிறாய் என்று கேட்டேவிட்டேன். "நான் படிக்கறப்ப என்னை யாரும் கேக்கலைங்கக்கா" என்றாள்.

கலந்தாய்வில் இடம் கிடைத்தது. இன்று தாரணி விடுதியில் இருந்து படிக்கிறாள். நான் பாலை இன்னும் தொட்டுத்தான் பார்க்கிறேன். ஆனால் மகள் போனில் சொல்வதை அப்படியே நம்புகிறேன். இது அம்மன் போட்ட பிச்சை.

உங்கள் பிள்ளை ஓர் ஆசையைச் சொன்னால் முதலில் காது கொடுங்கள். உங்கள் பயத்தை அம்மனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அவளை ஏமாற்றப் போனவள். எனக்கே வழி காட்டினாள். நேராகக் கேட்கிற உங்களுக்குக் காட்ட மாட்டாளா?